கிரிப் மீட்டரில் எண் இறங்கினால் தசை சோர்ந்தது என்று எழுதலாமா?

கேள்வி இதுதான்: மூலிகைச் சாறு கொடுத்த சுண்டெலிகளை, பிடி வலிமையை அளக்கும் கிரிப் மீட்டரில் ஐந்து முறை இழுத்தும் பிடி குறையவில்லை, கொடுக்காதவற்றுக்குக் குறைந்தது. இதை வைத்து "சாறு தசைச் சோர்வைக் குறைக்கிறது" என்று தீசிஸில் எழுதலாமா? கைடு எழுதச் சொல்லியிருப்பார், சமர்ப்பிக்கும் நாளும் நெருங்கியிருக்கும். மனதில் ஏதோ உறுத்தப் போய்த்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் சரிதான். எழுதாதீர்கள்.

கிரிப் மீட்டரை நான் குறை சொல்லவில்லை. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, நானும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதில் நடப்பது என்ன? சுண்டெலி கம்பியைப் பற்றிக்கொள்கிறது, நீங்கள் வாலைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறீர்கள், அது கையை விடுவதற்குள் எட்டிய உச்ச விசை திரையில் நிற்கிறது. தசையோடு நரம்பும், விடாமல் பிடித்துக்கொள்ளும் எலியின் முனைப்பும், நீங்கள் இழுத்த வேகமும் சேர்ந்துதான் அந்த எண். ஐந்தாவது தடவை சீக்கிரம் விட்டுவிட்டதென்றால் தசை களைத்ததா, இல்லை விட்டால் கூண்டுக்குப் போய்விடலாம் என்று பழகிவிட்டதா? அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது.

மனிதர்களிடமும் இதே சிக்கல்தான். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோஸ்ஸோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய எர்கோகிராஃபை, அதாவது விரல் களைப்பதைப் பதிவு செய்யும் கருவியை, நம் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு பிராக்டிகலில் பார்த்திருப்பீர்கள். கையைக் கட்டி வைத்து நடுவிரலால் எடையை இழுத்து இழுத்து, இனி முடியாது என்று விரல் நிற்கும். பக்கத்தில் நிற்பவர்கள் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று உற்சாகப்படுத்தினால் அதே விரல் கூடுதலாக இழுக்கும். அப்படியானால் முதலில் நின்றது தசையா, மனமா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் மெர்ட்டன் என்ற ஆய்வாளர் 1954-இல் அந்த அழகான வேலையைச் செய்தார். கட்டைவிரல் தசையைக் களைக்கும்வரை இறுக்கச் சொல்லி, விசை இறங்கிய பிறகு, மூளையை நம்பாமல், மணிக்கட்டில் நரம்புக்கு நேரடியாக மின் அதிர்ச்சி கொடுத்தார். விசை கூடவில்லை. ஆகவே குறை தசையில்தான் என்றார். மூளையின் பங்கும் உண்டு என்று பின்னால் வேறு தசைகளில் காட்டினார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் "தசைச் சோர்வு" என்ற சொல்லைத் தொடக்கூடாது என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

சரி, தசையைத் தனியே எடுத்து அளந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் நான் மாட்டினேன்.

எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலியின் ஈ.டி.எல். தசை, அதாவது கால்விரல்களை நிமிர்த்தும் தசை. பத்து மில்லிகிராம் அளவுதான் இருக்கும். கார்போஜன் (ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) குமிழிவிடும் கிரெப்ஸ் கரைசலில், அதாவது தசையை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசலில், தொங்கவிட்டு, இரண்டு முனைத் தசைநாண்களிலும் பட்டு நூல் கட்டி, ஒன்றைக் கொக்கியிலும் ஒன்றை விசையை அளக்கும் டிரான்ஸ்டியூசரிலும் மாட்டுவோம். நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ட்விட்ச், அதாவது ஒற்றை மின் துடிப்புக்குத் தசை சுருங்கும் விசை, எங்கே உச்சமோ அங்கே நிறுத்துவோம். பிறகு பர்க் குழுவினர் 1973-இல் பூனைத் தசையில் செய்த முறை: 40 ஹெர்ட்ஸ் மின் துடிப்புகள் 330 மில்லிநொடிக்கு ஒரு தொடராக, நொடிக்கு ஒரு தொடர், இரண்டு நிமிடம். கடைசி விசையை முதல் விசையால் வகுத்தால் சோர்வுக் குறியீடு.

நான்கு மாத வேலையில் எனக்கு அருமையான முடிவு கிடைத்தது. நான் சோதித்த மருந்தைக் கொடுத்த தசைகள் நன்றாகத் தாங்கின, கொடுக்காதவை சரிந்தன. படம்கூட வரைந்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் மாலை, கொடுக்காத குழுவில் விட்டுப்போன ஒரு தசையைச் செய்து முடித்து, கழற்றாமல் அரை மணி நேரம் விட்டுவைத்தேன். சோர்வு என்றால் ஓய்வில் பெரும்பகுதியாவது திரும்பி வர வேண்டும். இது அசையவே இல்லை. எதற்கோ, தசையின் நீளத்தை மாற்றும் மைக்ரோமீட்டர் திருகை அரை மில்லிமீட்டர் திருப்பினேன். ட்விட்ச் எழுந்து நின்றது. லென்ஸில் பார்த்தால், முடிச்சு இருந்த இடத்தில் இல்லை. தசைநாண் வெளுத்த ஒரு நார்போல முடிச்சுக்குள்ளிருந்து வழுக்கி வந்துகொண்டிருந்தது. தசை களைக்கவில்லை, தொய்ந்திருந்தது.

நோட்டைப் புரட்டினேன். கொடுக்காத குழு கிட்டத்தட்ட முழுவதும் முதல் இரண்டு மாதம், எனக்கு முடிச்சுப் போட வராத காலம். மருந்துக் குழு கை பழகிய பிறகு. நான் பார்த்த வித்தியாசம் மருந்தால் வந்ததா, என் முடிச்சால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. கைடிடம் சொன்னபோது "முடிந்ததைக் கிளறாதே" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழுக்களைக் கலந்து, எது எந்தக் குழு என்று தெரியாமல் மறுபடி செய்தேன். வித்தியாசம் காணாமல் போனது. ஒரு வருடம் தாமதமானது. இன்றுவரை வருத்தப்படவில்லை.

"தசையைத் தனியே அளக்கும் இந்த வசதி எல்லாரிடமும் இருக்கிறதா" என்று கேட்பீர்கள். இல்லைதான். நான் அதை மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் விலங்குக் கூடத்தில் இருந்த அண்ணன் இழுத்தால் கிரிப் மீட்டர் எண்கள் ஒரே சீராக வரும். எலி அவர் கையில் பதறாது, ஒரே வேகத்தில் இழுப்பார். அவர் எடுத்த அளவுகள் மூன்று பேரின் தீசிஸில் இருக்கின்றன. ஒன்றின் நன்றியுரையில்கூட அவர் பெயர் இல்லை. கருவியைத் தொடாதவர்கள் பெயரெல்லாம் ஆசிரியர் வரிசையில் இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு: "திரும்பத் திரும்ப அளந்தபோது பிடி வலிமை குறையவில்லை" என்று எழுதுங்கள், அது உண்மை. யார் இழுத்தார்கள், அவருக்குக் குழு தெரியுமா, எத்தனை நொடி இடைவெளி என்று முறைகள் பகுதியில் போடுங்கள். இன்னும் நான்கைந்து எலி மிச்சமிருந்து, நெறிமுறைக் குழு அனுமதியும் இருந்தால், மயக்க மருந்து கொடுத்து நரம்பைத் தூண்டி விசையை அளக்கும் ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முடிந்ததும் ஸ்டிமுலேட்டரை (மின்தூண்டல் கருவியை) நிறுத்திவிட்டு உடனே கிளம்பாதீர்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, முப்பது நிமிடம் கழித்து ஒரு தடவை விசையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.