பட்டறைப் பக்கம்: செயின் மாற்ற இன்ஜினை இறக்கணுமா?

கேள்வி: என்னுடையது 1996 மாடல் டெம்போ டிராக்ஸ். போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப் புகை, மேட்டில் இழுவை இல்லை. இன்ஜின் முன்பக்கம் சரசரவென்று சத்தம். மெக்கானிக் டீசல் பம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்; ஒரு மாதம் நன்றாக ஓடியது. மறுபடியும் அதே கதை. டைமிங் செயின் மாற்ற இன்ஜினை இறக்கணும் என்கிறார். - வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இறக்க வேண்டாம், தம்பி. உங்கள் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் ஓஎம் 616 வழி வந்த இன்ஜின் என்றால், மேல் கவரைத் திறந்தே செயினை மாற்றிவிடலாம். 1973-ல் மெர்சிடிஸ் 240 டி காரில் வந்த அதே 2.4 லிட்டர் டீசல் குடும்பம் அது. இரட்டை வரிசைச் செயின், கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டீசல் பம்பையும் சேர்த்தே ஓட்டுகிறது. செயின் நீண்டால் வால்வும் தாமதம், டீசல் அடிப்பதும் தாமதம். உங்கள் புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) லேசாகச் சுற்றும். ஓடும் திசையில் மட்டும் திருப்பி, கேமின் கோட்டை, கேமைத் தாங்கும் முன் டவரில் உள்ள கோட்டோடு சேர்த்து நிறுத்துங்கள். தாண்டிப் போனால் பின்னால் இழுக்காதீர்கள், இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். இப்போது கிராங்க் புல்லியில் உள்ள டிகிரியைப் பாருங்கள். டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) தாண்டி எத்தனை டிகிரி காட்டுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தேய்மானம். நான் நாலைந்து டிகிரி தாண்டினாலே செயினை மாற்றச் சொல்லிவிடுவேன். மலைப் பாதையில் ஆள் ஏற்றும் வண்டி, செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும்.

மாற்றும்போது செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை எடுத்துவிட்டு, வால்வை அமுக்கும் ராக்கர் செட்டையும் கழற்றி வையுங்கள், கேம் துள்ளாது. செயின் குழிக்குள் துணி அடைத்த பிறகுதான் பழைய செயினின் ஒரு பின்னைத் தேய்த்து அறுக்க வேண்டும். என் பட்டறையில் ஒரு பையன் துணி வைக்க மறந்தான். அறுத்த பின்னின் தலை உள்ளே விழுந்து, அதை எடுக்க ஆயில் சம்ப்பை இறக்க ஒரு பகல் போனது. புதுச் செயினைப் பழையதோடு கோத்து, ஒருவர் கிராங்க்கை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தபடி உள்ளே விட வேண்டும். கேம் ஸ்பிராக்கெட்டில் செயினைக் கம்பியால் கட்டிக்கொள்வது நல்லது. ஒரு கணம் தளர்ந்தாலும் கீழே பல் மாறிவிடும். இதை ஒற்றை ஆளாகச் செய்கிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புதுச் செயினின் இரு முனையையும் சேர்ப்பது கிளிப் லிங்க் என்றால் மூடிய முனை செயின் ஓடும் பக்கம் பார்க்க வேண்டும். ரிவெட் லிங்க் கிடைத்தால் அதையே போடுங்கள். டென்ஷனரை ஆயிலில் முக்கி, பலமுறை அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். செயின் உரசி ஓடும் கைடு ரெயிலில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ராக்கர் போட்டு டாப்பெட் இடைவெளி வைத்து, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

செயின் இழுபடுவதாகச் சொல்கிறோம், இரும்பு இழுபடாது. பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. எடுத்த பழையதைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள், வில்லாக வளையும். புதியதைப் பக்கத்தில் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்றை மறக்காதீர்கள். உங்கள் மெக்கானிக் திருப்பிய பம்ப், தேய்ந்த செயினுக்குத் தோதாக நிற்கிறது. புதுச் செயினோடு அப்படியே விட்டால் டீசல் முன்கூட்டியே அடித்து, இன்ஜின் கடகடவென்று தட்டும், சூடேறும். மெர்சிடிஸ் 240 டி-க்கு டெட் சென்டருக்கு 24 டிகிரி முன். உங்கள் வண்டிக்கு மேனுவலில் உள்ளபடி, செயின் மாற்றிய அன்றே பம்ப் டைமிங்கைப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.