கேரம் தளத்தில் கிரிப்டோ பரிசு: பிளாக்செயினை அப்புறம் பார்க்கலாம்

நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேரம், ஆட்டத்துக்கு 2 யூஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைந்த கிரிப்டோ நாணயம்) நுழைவுக் கட்டணம், வென்றவருக்குத் தானாகப் பணம். இதற்கு எந்த பிளாக்செயின் (கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பதிவேடு) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையிலிருந்து நடத்தப்போவதாகச் சொல்வதால் முதலில் சட்டம். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை அடியோடு தடை செய்கிறது. கேரம் திறமை ஆட்டம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. டோக்கன், காயின் என்று பெயர் மாற்றினாலும் அதே கதைதான். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். கட்டணத்தை எடுத்துவிட்டு ஸ்பான்சர் பரிசாக மாற்ற முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சரி, பரிசுப் பணம் இருக்கும் கிரிப்டோ வாலட்டின் ரகசியச் சாவியை, அதாவது பணத்தை எடுக்க உதவும் குறியீட்டை, கேம் சர்வரிலேயே வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கிரிப்டோ விளையாட்டின் ரோனின் பிரிட்ஜில் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் வழி) 9 சாவிகளில் 5 திருடர்கள் கைக்குப் போய், 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. அந்த ஐந்தில் 4 ஒரே நிறுவனத்திடம் இருந்தவை! அன்றைய பரிசுத் தொகை மட்டும் தனி வாலட்டில் இருக்கட்டும், மீதி மல்டிசிக்கில் (ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும் வாலட்).

அப்புறம், மொபைலிலிருந்து ஸ்ட்ரைக்கரின் கோணமும் விசையும் மட்டும் வரட்டும். காய் எங்கே விழுகிறது என்பதை சர்வர் தீர்மானிக்க வேண்டும். பரிசு என்றதும் ஒரே ஆள் பத்துக் கணக்கோடு வருவார். முதல் தடவை பணம் எடுக்கும்போதாவது அடையாளத்தைச் சரிபாருங்கள்.