கெரட்டோகோனஸும் ஹார்மோனும்: எந்த மையங்கள் ஆராய்கின்றன?

உங்கள் தங்கைக்கு கெரட்டோகோனஸ், அதாவது கண்ணின் முன்புறம் உள்ள ஒளி ஊடுருவும் கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய்; இப்போது ஐந்து மாதக் கர்ப்பம், பார்வை மாறிக்கொண்டே வருகிறது. கருவிழி நோயையும் ஹார்மோனையும் சேர்த்து ஆராயும் மையங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே நோய்தான். மொரீஷியஸில் தமிழ் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது, கரும்பலகையில் நான் எழுதிய 'ழ' எனக்கே வால் முளைத்து இரட்டையாகத் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றினார்கள். "பிரசவத்துக்கு அப்புறம் சரியாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. பிறகு மோக்காவில், சுப்பிரமணிய பாரதி பெயரில் இருக்கிறதே அரசு கண் மருத்துவமனை, அங்கேதான் ஒரு டாக்டர் கருவிழியின் வளைவை அளந்தே ஆக வேண்டும் என்றார். அந்த அளவீட்டில் வந்த டோப்போகிராபி படத்தைப் பார்த்ததும் எனக்குப் புயல் வரைபடம்தான் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் பச்சை, நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கியிருந்த இடம் அது.

இந்த நோய் பெரும்பாலும் பருவ வயதில் தலைகாட்டுகிறது; சிலருக்குக் கர்ப்பத்தில் வேகமெடுக்கிறது. ஹார்மோன் மேல் சந்தேகம் விழுந்தது இதனால்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு பன்றிக் கருவிழிகளை ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் கரைசலில் ஏழு நாள் வைத்துப் பார்த்து, அவை விறைப்பு இழந்ததை 2007இல் வெளியிட்டது. ரைபோஃபிளேவின் சொட்டுமருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையும் அதே ஊரில் உருவானதுதான்.

இன்று நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள நார்த் டெக்சாஸ் கண் ஆராய்ச்சி நிறுவனம். அங்குள்ள டிமிட்ரியோஸ் கராமிகோஸ் குழுவுக்கு ஹார்மோன்தான் நேரடியான ஆய்வுப் பொருள். நோயாளிகளின் உமிழ்நீரில் டிஹெச்இஏ-எஸ் என்ற ஹார்மோன் கூடியும் ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரஜன் வகை குறைந்தும் இருந்ததைக் கண்டவர்கள். கண்ணீரில் உள்ள ஒரு புரதத்தை வைத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். சூரிச்சில் ஃபர்ஹாத் ஹஃபெசியின் எல்சா நிறுவனம் கர்ப்பகால மாற்றங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. பாஸ்டனின் ஷெப்பென்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆண்ட்ரஜன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தால் கண் ஏன் உலர்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். அது தங்கையின் பிரச்சினை அல்ல.

ஆனால் ஆராய்ச்சி மையத்துக்கும் சிகிச்சைக்கும் தூரம் அதிகம். நான் மதுரை அரவிந்தில், மகளுக்குப் பால் மறக்கடித்த பிறகு, கிராஸ்லிங்கிங் செய்துகொண்டேன். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும் கருவிழிச் சிகிச்சைக்குப் பேர்போனது. கர்ப்ப காலத்தில் இந்தச் சிகிச்சையைப் பொதுவாகத் தள்ளித்தான் வைப்பார்கள், அளவெடுக்கத் தடையில்லை. இப்போதே ஒரு டோப்போகிராபி எடுத்து, பிரசவத்துக்குப் பிறகு கூடுமானவரை அதே இயந்திரத்தில் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். தைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்துவிடுங்கள். கண் அரித்தால் விரல் மூட்டால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் அவளுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு இருந்தது, வகுப்பில் ஒரு குழந்தை சொல்லித்தான் தெரிந்தது. அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.