கைக்குழந்தையும் இரண்டு வயதுக் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் எப்படிச் சமாளிப்பது?

மூத்த மகனுக்கு இரண்டு வயது, அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம், ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மூத்தவளுக்கு இப்போது 2 வயது 7 மாதம். சின்னவனுக்கு 5 மாதம். திருப்பூரில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று கூசாமல் பொய் சொல்லிவிடுவேன்.

நீங்கள் இப்போது கைக்குழந்தையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அது தெரிந்த வேலை. பால், ஏப்பம், ஈரத்துணி, தூக்கம், மறுபடி பால். ஒருமுறை செய்த கைக்கு மறக்காது. பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும் 4 முதல் 6 மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரமெல்லாம் மூத்தது என்ன செய்யும் என்பதுதான் விஷயமே.

எங்கள் வீட்டில் செய்தது: துவரம்பருப்பு டப்பாவையும் கடலைப்பருப்பு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தது. மாமாவின் மூக்குக் கண்ணாடியை நல்ல தண்ணிக் குடத்துக்குள் போட்டது. கதவைத் திறந்துகொண்டு படி வரைக்கும் போனது. தம்பி மடியில் இருந்தால் அம்மாவால் சட்டென்று எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்கு மூன்றே நாளில் புரிந்துவிட்டது. போனைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். பால் குடித்து முடித்ததும் போனைத் திரும்ப வாங்க இன்னொரு அரை மணி நேர யுத்தம். அது சரிப்படவில்லை.

கடைசியில் கைகொடுத்தது பனியன் வேஸ்ட். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: பனியன் துணியை கட்டிங் செய்யும்போது ஓரத்தில் விழும் துண்டுகள். வீட்டுக்காரர் கட்டிங் செக்ஷனில் இருப்பதால், கேட்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சாயம் போகிறதா என்று இரண்டு தண்ணீர் அலசிக் காயவைத்தேன். சிவப்பு, மஞ்சள், ராமர் பச்சை, கோடு போட்டது, எல்லாம் உள்ளங்கை அகலம். ஒரு பழைய சோத்துக்குண்டாவில் போட்டு, பால் கொடுக்க உட்காரும்போது மட்டும் எடுப்பேன். மற்ற நேரத்தில் பரண் மேல். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, என் கால் மேல் அடுக்கி, திரும்பக் குண்டாவில் போடுவாள். "இது என்ன கலரு?" என்று நான் கேட்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். முழங்காலில் ஆரம்பித்துப் பாதம் வரை அடுக்கி முடிப்பதற்குள் தம்பி ஒரு பக்கம் குடித்து முடித்திருப்பான். கடையில் வாங்கின பொம்மை எதுவும் இவ்வளவு நாள் தாங்கவில்லை.

அடுத்து, நான் செய்த தப்பு. உங்கள் வீட்டிலும் நடக்கும், அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே எல்லோரும் அவளைப் "பெரிய புள்ளை" ஆக்கிவிட்டோம். "நீ இனி பெரிய புள்ளைங் கண்ணு, தம்பியை நீதான் பாத்துக்கோணும்." இதைச் சொல்லாத ஆளே கிடையாது. நான்தான் அதிகம் சொல்லியிருப்பேன். முந்தின வாரம் வரைக்கும் அவள்தான் வீட்டுக்குப் பாப்பா. விட்டிருந்த ஃபீடிங் பாட்டிலைத் திரும்பக் கேட்டாள். பாத்ரூம் சொல்லப் பழகியவள் மறுபடி நின்ற இடத்திலேயே போனாள். குழந்தை டாக்டர், தம்பி தங்கை பிறந்த வீட்டில் இது சகஜம், திட்டாதீர்கள், தானாகச் சரியாகும் என்றார். நான் திட்டினேன்.

சின்னவன் பிறந்து ஐம்பது நாள் இருக்கும். மதியம். முன்னறையில் சேலைத் தொட்டிலில் அவனைப் போட்டிருந்தேன். அத்தை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். குக்கரை அணைக்க உள்ளே போகும்போது, "தம்பிக்கு ஆட்டி உடு சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் ஆட்டினாள். தூரி மாதிரி நன்றாக வீசிப் போவதைப் பார்த்ததும் இன்னும் தள்ளினாள். (ஊஞ்சலை நாங்கள் தூரி என்போம்.) நான் திரும்பி வரும்போது தொட்டில் கட்டில் காலில் மோதி 'தொம்' என்று ஒரு சத்தம். ஒரு நொடி அமைதி. அப்புறம் அவன் அழுதான். தூக்கிப் பார்த்தேன், வீக்கமில்லை. டாக்டருக்குப் போன் செய்தோம். வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் அசந்து கிடந்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு நடுவில் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. நேராகப் போய் கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னாள்: "நான் பெரிய புள்ள இல்ல."

நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பீரோவில் இருந்து இன்னொரு பழைய நூல் சேலையை எடுத்து, மாமாவை ஸ்டூல் மேல் ஏற்றி, ஃபேனுக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்கியில் இரண்டாவது தொட்டில் கட்ட வைத்தார். மாமா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்துப் பார்த்தார். "வா அம்மிணி" என்றதும் வந்து ஏறிக்கொண்டாள். அவள் தொட்டிலை விட்டே ஒரு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு கிலோ. கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் சூப்பிக்கொண்டு பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

அன்று முதல் மதியம் எங்கள் வீட்டில் இரண்டு தொட்டில். அத்தை நடுவில் உட்கார்ந்து, சின்னவனுடையதைக் கையால் ஆட்டுவார். பெரியவள் தொட்டிலில் கட்டிய கயிறு கால் கட்டைவிரலில். வாயில் வெற்றிலை. ஒன்றரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "இத்தனை பெரிய புள்ளைக்குத் தொட்டிலா, கெட்டுப் போயிரும்" என்றார். "கெட்டா நான் பாத்துக்கறனுங்க" என்றார் அத்தை. மருமகளாக வந்து ஐந்து வருடத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்த நாள் வேறு இல்லை. பாட்டில், பாத்ரூம் எல்லாம் இரண்டு மாதத்துக்குள் பழையபடி ஆனது. தொட்டிலால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், தானாகவும் ஆகியிருக்கலாம். "பெரிய புள்ளை" என்பதை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டோம். ஒன்று, தொட்டிலெல்லாம் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான். ராத்திரி சின்னவன் சுவர்ப் பக்கம் தனி மெத்தையில், நடுவில் நான், அந்தப் பக்கம் அவள். அவள் உருளுகிற உருளலுக்கு ரெண்டு பேரையும் பக்கத்தில் போட முடியாது.

வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தம்பியைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று மாமா சும்மா விளையாட்டுக்குச் சொல்ல, அவள் "குடுத்துரு அப்பாரு" என்றாள். (தாத்தாவை நாங்கள் அப்பாரு என்போம்.) பக்கத்து வீட்டு அக்கா, "தம்பியை நான் கொண்டு போயிரட்டா?" என்றதற்கு, உள்ளே போய் ஒயர் கூடையை இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, கூடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அதன் பிறகு இந்தக் கிண்டலை யாரையும் செய்ய விடுவதில்லை.

வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் முதலில் மூத்தவளைத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வண்டியில் முன்னால் உட்கார வைத்து பேக்கரி வரைக்கும் ஒரு ரவுண்டு. அவருக்கு டீ, அவளுக்குத் தேங்காய் பன்னில் பாதி. இருபது நிமிடம்தான். திரும்பி வரும்போது ஒரே கதை: நாய் பார்த்தாளாம், லாரி பார்த்தாளாம்.

மற்றபடி மோசமான நாள் எது என்றால் நல்ல தண்ணி விடும் நாளும் ஊசி போடும் நாளும் சேர்ந்து வருவதுதான். இங்கே நல்ல தண்ணி தினமும் வராது. வரும்போது பிடித்தே ஆக வேண்டும். தடுப்பூசி புதன்கிழமை. ஒன்றரை மாத ஊசி அப்படி ஒரு நாளில் வந்தது. இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, கையில் ஒன்று, வாயில் சொட்டு மருந்து. ராத்திரி காய்ச்சல் வந்தது, நர்ஸ் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்தோம். பெரியவள் மறுநாள் காலை தன் பொம்மையின் இரண்டு தொடையிலும் ஸ்பூனால் குத்திக்கொண்டிருந்தாள். அன்று காலை டிபன் பேக்கரி பன்தான். அதில் எனக்கு வெட்கமில்லை.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருப்பதால் 26 வார விடுப்பு, சம்பளக் கணக்குப்படி பணமும் வருகிறது. இரண்டாவது குழந்தைக்கும் அதே 26 வாரம்தான், மூன்றாவது என்றால் 12. பிரசவத்துக்கு முன்பே மூன்று வாரம் எடுத்துவிட்டேன், இன்னும் இரண்டு வாரம் பாக்கி. அதற்குள் அத்தைக்குப் பாரம் குறையட்டும் என்று தெருக்கோடி அங்கன்வாடியில் மூத்தவளைச் சேர்த்தோம். இரண்டு வயது முடிந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் சமர்த்தாகப் போய், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன சாமி என்று கேட்டால், "தம்பி மட்டும் ஊட்டுல இருப்பானா?" என்கிறாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடி கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும்.