தலை எண்ணும் உறவினருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, என் அப்பா 88 வயதில் காலமானார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் 9 பேர்தான். வந்திருந்த உறவினர் ஒருவர், “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை அரிக்கிறது. அப்பா மனிதர்களைச் சம்பாதிக்கவே இல்லையா?

பதில்: முதலில் அந்த உறவினர். துக்க வீட்டில் தலை எண்ணுவதற்கென்றே ஒருவர் வந்து சேர்வார். அவரையும் சேர்த்துத்தானே 9? துக்கத்துக்கு வந்தவர்கள் 8 பேர், கணக்கெடுக்க வந்தவர் ஒருவர் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நாளிதழில் மரண அறிவிப்புப் பகுதியைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன். இரவு அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு மகனோ மகளோ மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பெயர், வயது, அடக்க நேரம். சில சீட்டுகளில் இறந்தவரின் வயதை அடித்துத் திருத்தியிருப்பார்கள். பெற்ற பிள்ளைக்கே சரியாகத் தெரியாது. காலை ஏழு மணிக்கு அடக்கம் என்று எழுதியிருக்கும். அந்தப் பத்திரிகை பல வீடுகளின் வாசலில் விழுவதே ஏழு மணிக்குத்தான். “அப்பாவின் நண்பர்களுக்குச் சொல்லியாயிற்றா?” என்று கேட்டால் விழிப்பார்கள். நண்பரின் பெயர் தெரியும், முகம் தெரியும், அவர் சொன்ன நகைச்சுவைகூட நினைவிருக்கும், எண் தெரியாது. இன்று நிலைமை இன்னும் மோசம். எல்லா எண்களும் கைபேசிக்குள் இருக்கின்றன. அதைத் திறக்கும் ரகசிய எண்ணோ, போனவரோடு போய்விடுகிறது.

ஆகவே அன்றைய கூட்டத்தை வைத்து அளக்கக்கூடியது ஒன்றுதான்: செய்தி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் போயிற்று என்பது. உங்கள் அப்பாவிடம் படித்தவர்களுக்கே ஐம்பது, அறுபது வயதாகியிருக்கும். ஆசிரியரின் குரலையும் கையெழுத்தையும் மறக்காதவர்கள்கூட, அவர் இருக்கிறாரா இல்லையா என்று விசாரித்து வைத்திருப்பதில்லை.

வயதையும் பாருங்கள். 88 வயது மனிதருக்காக ஓடி வந்திருக்க வேண்டியவர்களில் பாதிப் பேரை அவரே முன்னதாக வழியனுப்பி வைத்திருப்பார். மீதிப் பேர் யாராவது கைப்பிடித்து அழைத்துப் போனால்தான் உண்டு என்ற நிலையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். இதே மனிதர் 55 வயதில், பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் பள்ளிக்கூடமே திரண்டிருக்கும். அதே குணம், அதே மனிதர். 33 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததைத் தவிர அவர் வேறென்ன தவறு செய்தார்?

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன். பெருங்கூட்டம் கூடுகிற வீடுகளில் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததே இல்லை. மகன் பதவியில் இருப்பான். அவன் கண்ணில் படுவதற்காக வருவார்கள். தாசில்தார் வீட்டு நாய் செத்தால் ஊரே வரும், தாசில்தாரே செத்தால் வராது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் ஆறுதல் சொல்வார்கள். 1883இல் லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸை அடக்கம் செய்தபோது நின்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். 1921இல் பாரதியின் கடைசிப் பயணத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு இந்த ஆறுதல் பிடிப்பதில்லை. அவர்களைப் பின்னால் உலகம் கொண்டாடியது. அன்று வராதவர்களை நாம் இன்று திட்டிக்கொள்கிறோம். உங்கள் அப்பாவுக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை, எனக்கும்தான். புகழ் வந்து கணக்கை நேர்செய்தால்தான் ஒரு வாழ்க்கை தேறும் என்றால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 1953 மார்ச்சில் ஸ்டாலினின் உடலைப் பார்க்க மாஸ்கோவில் கூடிய கூட்டத்தின் நெரிசலில் சிக்கியே பலர் செத்தார்கள். அந்தக் கூட்டம் அவருக்கு நற்சான்றிதழா?

இனிமேல் சில மாதங்களுக்கு, “இப்போதுதான் கேள்விப்பட்டேன்” என்று அழைப்புகள் வரும். “ஆமாம், காலமாகிவிட்டார்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். எப்படிப் பழக்கம் என்று கேளுங்கள். அப்பாவைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஏதாவது ஒன்று அந்தப் பேச்சில் வரும். அந்த உறவினர் மறுபடி வந்தால் அதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: எங்கள் பெரியப்பா சொத்துத் தகராறில் எல்லோரையும் பகைத்துக்கொண்டவர். அவர் இறந்தபோது நாங்கள் யாருமே போகவில்லை. வினை விதைத்தவன் வினை அறுத்தான் என்கிறான் என் தம்பி. சரிதானே?

பதில்: சில சாவுகளில் ஆள் இல்லாததற்கு அந்த மனிதரேதான் காரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பெரியப்பாவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பெரியம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அன்று காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உங்களை ஏமாற்றினார்? தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சொத்துப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: வழியனுப்ப ஒருவர்கூட இல்லாமல் இறப்பவர்களுக்காக யாராவது எதையாவது செய்கிறார்களா?

பதில்: நெதர்லாந்தில் கவிஞர்கள் செய்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2002 முதல், எஃப். ஸ்டாரிக் என்ற கவிஞரின் முயற்சியால் இது நடக்கிறது. அதற்கு முன்பே கிரோனிங்கன் நகரில் பார்ட் துரோக் என்ற கவிஞர் தொடங்கிவைத்தது. யாருமற்ற ஒருவர் இறந்தால், நகராட்சி தனக்குத் தெரிந்த சொற்ப விவரங்களைக் கவிஞரிடம் கொடுக்கும். அதை வைத்து அந்த ஒருவருக்காகவே புதிதாக ஒரு கவிதை எழுதி, சவப்பெட்டிக்கு முன்னால் வாசிப்பார். கேட்பதற்கு ஓர் அதிகாரியும் பெட்டியைத் தூக்குபவர்களும்தான் இருப்பார்கள். அறிமுகமே இல்லாத மனிதரைப் பற்றிப் பொய்யும் சொல்லாமல் புகழ்ந்தும் தள்ளாமல் எழுத வேண்டும். சிரமமான வேலைதான். இரங்கல் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் விடாத நம் பிரமுகர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கலாம்.

கேள்வி: நான் இறந்தால் யாரும் வர வேண்டாம், சடங்கும் வேண்டாம் என்று எழுதி வைக்க நினைக்கிறேன். தவறா?

பதில்: தவறில்லை. அரங்கங்களை நிரப்பிய பாடகர் டேவிட் போவி 2016 ஜனவரியில் இறந்தபோது, சடங்கு இல்லாமல், உறவும் நட்பும் உடனில்லாமல்தான் எரியூட்டப்பட்டார். ஆனால் உங்கள் முடிவு யாரோடும் மனஸ்தாபத்தில் எடுத்ததா என்று ஒரு வாரம் யோசியுங்கள். “ஒருத்தனும் வரமாட்டான், நானே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்” என்ற கோபம் அதற்குள் இருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அப்படி இல்லையென்றால் எழுதுங்கள். எழுதியதோடு நிற்காமல் வீட்டில் வாயாலும் சொல்லி வையுங்கள். உயிலைப் பிரித்துப் படிப்பது பெரும்பாலும் எல்லாம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான்.