பணிஸ் (பன்) போறணைக்குள் அமர்ந்து, அடுத்த நாள் காய்ந்து போவது ஏன்?

வணக்கம். உங்கட பணிஸ் போறணைக்குள் பொங்கி நிற்காமல் அமர்ந்து, அடுத்த நாள் காய்ந்து போகுது என்று கேட்டிருந்தீங்கள். நீங்கள் பாவிக்கிற அளவு 500 கிராம் கோதுமை மாவுக்கு 10 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இளஞ்சுடு தண்ணி, இரண்டு மணித்தியாலம் பொங்க விடுதல் என்று எழுதியிருக்கிறீங்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில் மா 45 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் காற்றைப் பிடித்து வைக்கிற குளூட்டன் (கோதுமை மாவின் பசைப் புரதம்) தளர்ந்து, சூடு பட்டதும் பணிஸ் அமரும்.

ஈஸ்ட்டை 6 கிராமாகக் குறையுங்கோ, குளிர்ந்த தண்ணி பாவியுங்கோ. உருட்டித் தட்டில் வைத்த பிறகு மணிக்கூட்டை நம்பாதேங்கோ: விரலால் மெல்ல அமத்தினால் குழி ஆறுதலாகப் பாதி மீள வேணும். மீளவே இல்லையென்றால் பிந்திவிட்டது; திரும்பப் பிசைந்து உருட்டலாம்.

காய்ந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலதிக மா. கையில் ஒட்டுது என்று தூவத் தூவ மா இறுகும். பாலும் தண்ணியுமாக 300 மில்லிலீற்றர், சீனி 50 கிராம், பட்டர் 50 கிராம், உப்பு 8 கிராம் போதும். கையில் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் குழைத்தால் ஒட்டல் தானாகக் குறையும். மாஜரினைவிடப் பட்டர்தான் ருசி.

55 கிராம் உருண்டைகளாக நெருக்கி அடுக்குங்கோ, பக்கங்கள் மெதுமையாக இருக்கும். 190 பாகை செல்சியஸில் 15–18 நிமிடம் போறணையில் வையுங்கோ. எடுத்தவுடன் பட்டர் பூசித் துணியால் மூடுங்கோ.