மெல்லிய ஈ தந்தி மட்டும் பிரிட்ஜில் நழுவுவது பற்றி

உங்கள் நைலான் தந்தி கிட்டாரில், தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் கட்டையில் மூன்று முறை கட்டியும் ஈ தந்தி உருவிக்கொண்டு வருகிறது, மற்ற ஐந்தும் நிற்கின்றன என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்திலேயே காரணம் இருக்கிறது: கடைசிச் செருகல் (தந்தி நுனியை வளையத்தின் அடியில் நுழைத்த இடம்) பிரிட்ஜ் கட்டையின் மேல்பரப்பிலேயே நின்றுவிட்டது. அது பின்விளிம்பைத் தாண்டிக் கட்டையின் பின்பக்கச் சுவரில் அழுந்த வேண்டும். பிடிப்பே அங்கேதான். மேலே எத்தனை சுற்று சுற்றினாலும் வழவழப்பான நைலான் வழுக்கத்தான் செய்யும்.

கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். சாடில் (தந்திகள் ஏறி நிற்கும் வெள்ளைப் பட்டை) பக்கமிருந்து கட்டையின் துளைக்குள் விட்டு, பின்னால் 10 செ.மீ. நுனியை வாலாக விடுங்கள். வாலைக் கட்டைக்கு மேலாக முன்னே கொண்டுவந்து, துளையை விட்டு வெளிவரும் தந்தியின் அடியில் நுழைத்து, திரும்பப் பின்னுக்கு இழுத்து, கட்டையின் மேல் கிடக்கும் அதே வளையத்தின் அடியில் செருகுங்கள். கம்பி சுற்றிய தடித்த தந்திகளுக்கு ஒரு செருகல் போதும். ஈ தந்திக்கு மூன்று. மூன்றாவது விளிம்புக்குப் பின்னால் விழட்டும். வால் நுனியை விரலால் கீழே அழுத்திக்கொண்டே தந்தியை இறுக்குங்கள்.

கார்பன் தந்தி என்றால் இன்னும் மெல்லிசு, இன்னும் வழுக்கும். அதற்கு வால் நுனியை லைட்டரில் ஒரு நொடி காட்டிக் குமிழாக்கிக்கொள்ளுங்கள். நழுவினாலும் செருகலில் சிக்கி நிற்கும். இதைக் கிட்டாரில் மாட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், வார்னிஷ் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

முடிச்சைச் சூப்பர் க்ளூவால் ஒட்டும் உங்கள் யோசனையை விட்டுவிடுங்கள். சுருதி ஏற்றும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டை வையுங்கள்: உருவிய நுனி சாட்டை மாதிரி அடித்துக் கிட்டாரின் முன்பலகையில் பள்ளம் போட்டுவிடும்.